பொருநை சொல்லாத விடை

குமரகுருபரன் அண்ணாச்சிக்கு ஒரு இடத்தில் உட்காரத் தெரியாது. வண்ணார்பேட்டையில் செல்போன் கடைக்கு மேல் மாடியில் இருக்கும் எங்கள் துப்பறியும் அலுவலகத்தில் நாற்காலி என்பது வருகிறவர்களுக்கு மட்டும். அவர் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்துகொண்டே இருப்பார். கீழே பஸ்காரர்கள் ஹாரன் அடித்துக்கொண்டே இருப்பார்கள். நடுவில் உட்கார்ந்து கடிதம், போன், கேலி மூன்றையும் கவனித்துக்கொள்வது டார்லின் ஆகிய என் பொறுப்பு. அன்று மத்தியானம் நடப்பதற்கு அவருக்கு ஒரு ஜோடி கிடைத்துவிட்டது.

வந்தவர் சேரன்மகாதேவி நெல்லையப்பன். அந்தப் பெயரில் தேடினால் ஊரில் கிடைக்க மாட்டார், குவிஸ் சார் என்று கேட்டால் மாவட்டமே வழி காட்டும். சங்கரவடிவு அறக்கட்டளை நடத்தும் இலவசப் பயிற்சி மையத்தில் பிள்ளைகளை அரசுத் தேர்வுகளுக்குத் தயார் செய்கிறவர். மேடையில் அவர் மணியை நோக்கிக் கை நீட்டினால் மற்றவர்கள் கையை மடக்கிக்கொள்வார்கள். அப்பேர்ப்பட்ட மனிதரை ஒரு கம்ப்யூட்டர் இரண்டு நாட்களாக ஊரைக் கூட்டி வைத்துத் தோற்கடித்துக்கொண்டிருந்தது.

கம்ப்யூட்டரின் பெயர் பொருநை. கணிமதி சிஸ்டம்ஸ் என்ற உள்ளூர் கம்பெனி செய்தது. மொத்தம் மூன்று நாள் போட்டி, இன்று சாயங்காலம் கடைசிச் சுற்று. இன்றைய கேள்விகளுக்கு இரட்டை மதிப்பெண் என்பதால் சாருக்கு இன்னும் உயிர் இருந்தது. ஆனால் பொருநை ஜெயித்தால் அறக்கட்டளை அவர் வகுப்பை மூடிவிட்டு அந்த இடத்தில் திரையை மாட்டிவிடும். பேசி முடித்தாகிவிட்டதாம்.

"அது காதால கேக்கல, அண்ணாச்சி," என்றார் குவிஸ் சார். "கம்பி வழியா கேள்விய முன்கூட்டியே வாங்குது. எனக்கு மைதீன் சார் வாயைத் தொறந்தாத்தானே கேள்வி?"

மைதீன் சார் என்பது கேள்வி கேட்கும் பேராசிரியர் முகம்மது மைதீன். போட்டி பேச்சில் இருந்தபோதே சார் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். கேள்வியை எழுத்தாக உள்ளே அனுப்பக் கூடாது. மனிதனைப் போலவே கம்ப்யூட்டரும் மைக் வழியாக மைதீன் சார் குரலைக் கேட்டுப் புரிந்துகொண்டுதான் மணி அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் அதற்கு அநியாயச் சலுகை என்று சண்டை போட்டு, அறக்கட்டளையையும் கம்பெனியையும் சம்மதிக்க வைத்திருக்கிறார். இப்போது கம்பெனி அந்த வாக்கை மீறிவிட்டது என்பது அவர் புகார். சாயங்காலத்துக்குள் அதை நிரூபிக்க வேண்டும்.

"ரயிலுகூட ஓடித் தோத்தா அது ரயிலு குத்தம் இல்ல சார்," என்றார் அண்ணாச்சி, ஜன்னலில் திரும்பியபடி. "விசிலுக்கு முன்னால கெளம்பிச்சான்னு பாத்துருவோம். நீங்க நேரா மண்டபத்துக்குப் போங்க. வீட்டுக்குப் போய் அலைய வேண்டாம்."

சார் போனதும் இரண்டு நாள் போட்டியின் வீடியோவை என் கணினியில் ஓடவிட்டேன். அண்ணாச்சி நடந்துகொண்டே பார்த்தார். ஒவ்வொரு தடவை அவர் கதவுப் பக்கம் போகும்போதும் நான் நிறுத்தி வைக்க வேண்டியிருந்தது. கொஞ்ச நேரத்தில் எனக்கே கால் வலித்தது.

போட்டி ஆரம்பத்தில் பொருநை, பாலிஷ் போட்ட பெண் குரலில் எல்லோருக்கும் வணக்கம் சொன்னது. அறக்கட்டளைத் தலைவருக்குப் பெயர் சொல்லி வணக்கம், பேராசிரியர் முகம்மது மைதீனுக்குப் பெயர் சொல்லி வணக்கம், எதிரில் அமர்ந்திருக்கும் போட்டியாளருக்கு வணக்கம். பிறகு கேள்விகள். மைதீன் சார் கடகடவென்று பேசுகிறவர். கேள்வி முக்கால்வாசி வரும்போது, விடை இதுதான் என்று பிடிபடும் அந்த ஒரு சொல்லில், இரண்டு மணிகளும் ஏறக்குறைய ஒன்றாக அடித்தன. பெரும்பாலும் பொருநை ஒரு நூல் முந்தியது.

அண்ணாச்சி முதல் தடவையாக நின்றார்.

"ஏட்டி டார்லின், கேள்வி முழுசும் முன்னாலயே கையில இருக்குத மெஷின் எதுக்கு முக்காக் கேள்வி வரைக்கும் காத்துக் கெடக்கு?"

"மரியாதைக்கா இருக்கும், அண்ணாச்சி. பெரியவுக பேசுதாகன்னு."

"சலுகை இருந்தா அனுபவிச்சிருக்கணும். அது அனுபவிக்கல. நம்மளை மாதிரியே காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கு."

அதாவது எங்கள் கட்சிக்காரர் சொன்ன குற்றம் நடக்கவே இல்லை. அலுவலகத்தைச் சாத்திவிட்டு ஒரு டீ குடிக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. அண்ணாச்சி விடவில்லை. பொருநை ஜெயித்த கேள்விகளை விட்டுவிட்டு, அது ஏதாவது கோணலாக விடை சொன்ன இடங்களை மட்டும் எடுத்துக் காட்டச் சொன்னார். இரண்டுதான் கிடைத்தன. திருநெல்வேலி டவுன் கோயிலில் மூலவர் யார் என்ற கேள்விக்குப் பொருநை வேணுவனநாதர் என்றது. சின்னப் பிள்ளைகூட நெல்லையப்பர் என்று சொல்லும். அதுவும் சாமியின் பெயர்தான் என்று மைதீன் சார் மதிப்பெண் கொடுக்க, கூட்டம் கம்ப்யூட்டரின் ஆழத்தைப் பார்த்துக் கைதட்டியது. மறுநாள் ஆனித் தேரோட்டம் எந்தக் கோயிலில் என்று கேட்டபோது காந்திமதி அம்மன் கோயிலில் என்றது. ஒரே கோயில் என்பதால் அதற்கும் மதிப்பெண் கிடைத்தது.

"பக்தி முத்திப் போச்சு போல," என்றேன்.

அண்ணாச்சி சிரிக்கவில்லை. வணக்கம் சொல்லும் பகுதியை மறுபடி போடச் சொன்னார். பிறகு இன்னொரு தடவை. பிறகு வண்டிச் சாவியை எடுத்து என் கையில் கொடுத்தார். அவருக்கு ஸ்கூட்டர் ஓட்ட வராது, பின்னால் உட்கார்ந்து வழி சொல்லத்தான் வரும்.

முதலில் மண்டபத்துக்குப் போனோம். மேடைக்குப் பக்கத்து அறையில் பொருநை இருப்பதாகப் பலகை மாட்டியிருந்தார்கள். கம்பெனி இன்ஜினியர் ஸ்ரீராகவ் வாசலிலேயே நின்றான். இளைஞன், இஸ்திரி போட்ட சட்டை, அந்த வெயிலிலும் கலையாத தலைமுடி. சந்தேகமாக இருந்தால் உள்ளே வந்து பார்க்கலாம் என்று தானாகவே கதவைத் திறந்துவிட்டான். உள்ளே ஒரு பெட்டி, ஒரு மின்விசிறி, சுவரில் இரண்டு ஒயர். மேஜைக்கு அடியிலும் குனிந்து பார்த்தேன். ஆள் யாரும் இல்லை. அண்ணாச்சி அந்தப் பெட்டியை ஏறிட்டும் பார்க்காமல், இப்போது ஒரே ஒரு கேள்வி கேட்கட்டுமா, பொருநை பதில் சொல்லுமா என்றார். ஸ்ரீராகவ் அவசரமாகக் குறுக்கே வந்து, சாயங்காலம்தான் சிஸ்டத்தை ஆன் பண்ணுவோம், அதுவரைக்கும் முடியாது என்றான்.

"மத்தியானம் அதுக்குச் சமையல் வேலை இருக்கும், அண்ணாச்சி," என்றேன்.

சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னேன். ஆனால் ஸ்ரீராகவின் முகம் ஒரு மாதிரி ஆனது, அண்ணாச்சி என்னை ஆச்சரியத்தோடு பார்த்தார். என் நகைச்சுவைக்கு இவ்வளவு மரியாதை அதுவரை கிடைத்ததில்லை.

"சேரன்மகாதேவிக்கு விடு," என்றார் வெளியே வந்ததும்.

டவுனைத் தாண்டுவதற்குள் பொறுமை போய்விட்டது. ஒரு பக்கம் பள்ளம் தோண்டியிருந்தார்கள், இன்னொரு பக்கம் கல்யாண ஊர்வலம். அண்ணாச்சி பின்னால் இருந்து, அங்கன விடு, இங்கன திரும்பு, பைய போனா போய்ச் சேர மாட்டோம் என்று தொணதொணத்தார். பத்தமடையில் ரயில்வே கேட் அடைத்திருந்தது. வண்டியை நிறுத்தியதும் அவர் இறங்கி, கேட்டுக்கு முன்னால் நடக்க ஆரம்பித்துவிட்டார்.

"ரிச்சர்டை நீ எப்படிக் கூப்பிடுவ?" என்று திடீரென்று கேட்டார்.

ரிச்சர்ட் என் வீட்டுக்காரர். "ரிச்சர்டுன்னுதான். கோவம் வந்தா கூட ஒரு லே சேத்துக்கிடுவேன்."

"எங்கம்மைக்கு எங்கப்பா பேரு கடைசி வரைக்கும் வாயில வந்ததில்ல. ரேஷன் கடையில கேட்டா என்னைய முன்னால தள்ளி விடுவா. எங்கப்பா பேரு முருகையா. திருச்செந்தூருக்குப் போயும் அவ வேலாயுதான்னுதான் கும்பிட்டா, வேற பேரைச் சொல்ல மாட்டா."

ரயில் போயிற்று. கேட் திறந்தது. நான் வண்டியைக் கிளப்பாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பின்னால் நின்ற லாரிக்காரர் திட்டினார்.

"அப்ப பொருநைன்னு பேசுனது ஒரு பொம்பளையா, அண்ணாச்சி?"

"வாயைத் தொறந்து பேசுத மனுஷி. குரலை மட்டும் மெஷின் குரலா மாத்தி விடுதாங்க. கட்டுனவன் பேரு சாமி பேரு. சாமி பேரை வேற பேரா மாத்திச் சொல்லிட்டா. அதைக்கூட விடு. வணக்கம் சொல்லும்போது எல்லாரு பேரையும் சொன்னாள்லா, யாரு பேரைச் சொல்லல?"

மூன்று தடவை ஓடவிட்ட அந்த வணக்கத்தை மனசுக்குள் மறுபடி ஓடவிட்டேன். எதிரில் அமர்ந்திருக்கும் போட்டியாளருக்கு வணக்கம்.

குவிஸ் சாரின் வீடு சேரன்மகாதேவியில் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்தது. தெரு முடியும் இடத்தில் வயல்கள் ஆரம்பித்தன. கதவைத் திறந்த அம்மாளுக்கு ஐம்பது வயது இருக்கும். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி விட்டிருந்தார், கை ஈரமாக இருந்தது. உள்ளே குக்கர் விசில் அடித்தது. என் சமையல் ஜோக் ஞாபகம் வந்து, எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

அண்ணாச்சி, சாரைப் பார்க்க வந்ததாகச் சொன்னார். அவுக டவுனுக்குப் போயிருக்காக என்றார் அந்த அம்மாள். வீடு சரிதானா என்று தெரியவில்லை, சார் பேரைச் சொல்லுங்கள் என்றார் அண்ணாச்சி. அவர் ஈர விரலால் கதவுக்கு மேலே இருந்த பெயர்ப் பலகையைக் காட்டினார்.

"நீங்க சொல்லக் கூடாதாம்மா?"

அந்த அம்மாள் ஆளை அளப்பதுபோல எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார்.

"சரி, வேற கேள்வி கேக்கேன்," என்றார் அண்ணாச்சி. "டவுன் கோயில்ல மூலவர் யாரு, பொருநை?"

குக்கர் இன்னொரு விசில் அடித்தது. அந்த அம்மாள் உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். கண்ணாடியை மூக்குக்கு இறக்கிக்கொண்டார்.

"வேணுவனநாதர்," என்றார். "உள்ள வாங்க."

அவர் பெயர் பிரம்மநாயகி. கல்யாணமான நாளிலிருந்து புருஷனுக்குக் கேள்வி கேட்டுப் பழக்கியது அவர்தான். சார் குளிக்கும்போது வெளியே நின்று கேட்பார், சாப்பிடும்போது பரிமாறியபடி கேட்பார். கேட்கிறவருக்கு விடை தெரிந்திருக்க வேண்டுமே, அதற்காகப் படித்தார். படிக்கப் படிக்க ஆசை வந்தது. ஒரு தடவை தானும் மேடை ஏறுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். ஒரு வீட்டுக்கு ஒருத்தர் போதும் என்று சார் சொல்லிவிட்டார். கோபமாகக்கூட இல்லை, சாதம் போதும் என்கிற மாதிரி.

பிறகு பொருநைக்குப் பயிற்சி கொடுக்க, வீட்டிலிருந்து கேள்விகளைச் சரிபார்க்கிற வேலைக்குக் கணிமதி ஆள் எடுத்தது. அங்கேதான் ஸ்ரீராகவ் இவரைப் பார்த்தான். ஒத்திகையன்று அவன் கம்ப்யூட்டரை மைதீன் சாருக்கு முன்னால் வைத்தபோது, அவர் பேசும் வேகத்தையும் மண்டபத்து இரைச்சலையும் தாங்காமல் அது கேட்டதற்கும் சொன்னதற்கும் சம்பந்தமில்லாமல் உளறியது. எழுத்தாக அனுப்பினால் சரியாகச் சொல்லும், காதால் கேட்டால் சொல்லாது. அவன் இந்த அம்மாளிடம் ஓடி வந்தான். மைதீன் சார் குரல் போன் வழியாக இந்த வீட்டுக்கு வரும், இவர் இங்கே இருந்தபடியே மணியை அமுக்கி விடை சொல்வார்.

"கம்பிய வெட்டச் சொன்னது உங்க வீட்டுக்காரர்தான்," என்றார் அண்ணாச்சி. "வெட்டுனதும் மெஷினுக்குக் காது அடைச்சுப் போச்சு. அவரு போட்ட நிபந்தனைதான் உங்களை அவருக்கு எதிர்ல கொண்டாந்து உக்கார வச்சிருக்கு."

எதிரில் யார் என்று தெரிந்துதான் ஆடினீர்களா என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது என்று உடனே தோன்றியது. அவர் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

"தெரிஞ்சுதாம்மா ஆடினேன். ஜெயிக்கணும்னுதான் ஆடினேன். அவுக ராத்திரி வந்து, அந்த மெஷினு பெரிய கெட்டிக்கார மெஷினுன்னு சொன்னாக. சோத்தைப் போட்டுட்டு அடுப்படியில போய் நின்னு சிரிச்சேன். எத்தனை நாளைக்கு அப்புறம் அப்படிச் சிரிச்சேன்னு எனக்கே தெரியல."

அண்ணாச்சி வகுப்பைப் பற்றிச் சொன்னார். பொருநை ஜெயித்தால் நாளை முதல் சாருக்கு வேலை இல்லை, பிள்ளைகளுக்குத் திரைதான் என்றார். பிரம்மநாயகி அம்மாள் முகத்தில் இருந்த வெளிச்சம் போய்விட்டது. அவருக்கு அந்த விஷயமே தெரியாது. வெறும் கண்காட்சிப் போட்டி என்று ஸ்ரீராகவ் சொல்லியிருக்கிறான். சார் எதுவுமே சொல்லவில்லை.

"ஒரு வார்த்தை சொல்லலியே அவுக," என்றார். அதையே இன்னொரு தடவை, எங்களுக்கு இல்லாமல் தனக்காகச் சொன்னார்.

மேஜையில் இருந்த போன் அடித்தது. ஸ்ரீராகவ். அவர் எடுக்கவில்லை. இன்று சாயங்காலம் கொஞ்சம் மெதுவாக மணி அடித்தால் போதும், சார் ஜெயித்துவிடுவார், வகுப்பு பிழைக்கும், யாருக்கும் எதுவும் தெரியாது. இதை அண்ணாச்சி வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் வீடு முழுக்க அந்த யோசனைதான் நின்றது. அந்த அம்மாள் அதைத்தான் செய்வார் என்று நான் நினைத்தேன், அவர் மேல் இப்போதே கோபப்படத் தயாரானேன்.

"வேணும்னே தோக்கச் சொல்லுதீயளா, அண்ணாச்சி?"

"நான் ஒண்ணும் சொல்லல தாயி. முடிவு உங்களோடது."

அவர் உள்ளே போனார். புடவை மாற்றிக்கொண்டு வந்தார். போன் மறுபடி அடித்தது, அதை மேஜையிலேயே விட்டார்.

"பிள்ளே, உன் வண்டியில பின்னால எடம் இருக்கா?" என்று என்னிடம் கேட்டார்.

அண்ணாச்சியை பஸ்ஸில் வரச் சொல்லிவிட்டுக் கிளம்பினோம். வழி நெடுக என் தோளைப் பிடித்திருந்த அந்த அம்மாளின் கை இறுகிக்கொண்டே வந்தது. என் தோளில் இன்னும் அதன் தடம் இருப்பதாக ரிச்சர்டிடம் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்.

மண்டபத்துக்குள் நுழைந்தபோது போட்டி ஆரம்பமாகியிருந்தது. அன்று பொருநை யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. மைதீன் சார் முதல் கேள்வியைக் கேட்டு முடித்தும் அது மௌனமாக இருந்தது. அறை வாசலில் ஸ்ரீராகவ் போனைக் காதில் அழுத்திக்கொண்டு வியர்த்து நின்றான், தலைமுடி கலைந்திருந்தது. மேடையில் குவிஸ் சார் மணிமேல் வைத்த கையை எடுக்காமல், எதிரில் இருந்த ஒலிபெருக்கியைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பிரம்மநாயகி அம்மாள் நடுவழியில் நேராக நடந்து போய் மேடை ஏறினார். மைதீன் சாரின் மைக் முன்னால் நின்றார்.

"இந்த ரெண்டு நாளும் அது பேசல சார். நாந்தான் பேசினேன்."

மண்டபம் எழுந்துவிட்டது. ஸ்ரீராகவ் பக்கவாசல் வழியாக நழுவப் பார்த்தான். அங்கே பஸ்ஸிலிருந்து இறங்கிய வேகத்தில் அண்ணாச்சி வந்துகொண்டிருந்தார், அவரைத் தாண்டிப் போக முடியவில்லை. அவனையே மேடைக்குக் கூட்டி வந்து, ஒத்திகையில் நடந்ததை எல்லோருக்கும் சொல்ல வைத்தார்கள். அறக்கட்டளைத் தலைவர் கோபத்தோடு மைக்கை வாங்கினார். பொருநையைப் போட்டியிலிருந்து நீக்கியதாகவும், பயிற்சி வகுப்பு முன்போலவே நடக்கும் என்றும், வெற்றி நெல்லையப்பன் அவர்களுக்கு என்றும் அறிவித்தார். கைதட்டல் வந்தது. சார் எழுந்து வணங்கவில்லை. மனைவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் கோபமா, அவமானமா என்று எனக்குப் பிடிபடவில்லை. இரண்டும் இருந்திருக்கலாம்.

மைதீன் சார் கேடயத்தை எடுத்தார்.

"இன்னிக்குக் கேள்விங்க தயாரா இருக்குல்லா சார்?" என்றார் பிரம்மநாயகி அம்மாள். "அதைக் கேளுங்க. எனக்கு மார்க்கு வேண்டாம்."

மைதீன் சார் குவிஸ் சாரைப் பார்த்தார். ஊரே பார்த்தது. வேண்டாம் என்று அவர் சொன்னால் போதும், கேடயத்தோடு வீட்டுக்குப் போகலாம், யாரும் குறை சொல்ல முடியாது. அவர் எழுந்தார்.  எதிர்ப் பக்கம் போய், ஒலிபெருக்கியைத் தூக்கித் தரையில் வைத்துவிட்டு, ஓரமாகக் கிடந்த நாற்காலியை மணிக்கு முன்னால் இழுத்துப் போட்டார்.

"உக்காரு," என்றார்.

மைதீன் சார் கேள்வியை எடுத்தார். முட்டையிட்டுப் பால் கொடுக்கும் பிளாட்டிபஸ் என்ற விலங்குக்கு, நமக்கெல்லாம் இருக்கும் எந்த உறுப்பு கிடையாது என்று கேட்டார். ஒரே ஒரு மணிதான் அடித்தது.

"இரைப்பை," என்றார் பிரம்மநாயகி அம்மாள். மாற்றாத, சொந்தக் குரலில். சரியான விடை என்றார் மைதீன் சார்.

குவிஸ் சார் இரண்டு கையையும் மேஜைமேல் வைத்தபடி முன்னால் சாய்ந்தார். இரண்டு பேர் மைக்கும் திறந்தே இருந்ததை அவர் கவனிக்கவில்லை.

"ஏட்டி, இது எனக்குத் தெரியாது. உனக்கு எப்பத் தெரியும்?"

"ரொம்ப நாளாத் தெரியும்," என்றார் அவர். "நீங்க கேட்டதில்ல."